எடைக்கு எடை வெல்லம்: வேண்டுதல் பேரமா, பக்தியா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 1 மார்ச் 2025

"குழந்தை பிழைத்தால் முடியிறக்குகிறேன், வேலை கிடைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொள்வது இறைவனோடு பேரம் பேசுவதன்றி வேறென்ன? நம் வீட்டுப் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு இதைத்தான் பக்தி என்று கற்றுக்கொடுக்கிறார்கள். கொடுத்தால் கொடுப்பேன் என்பதில் நம்பிக்கை எங்கே இருக்கிறது?"

2 மார்ச் 2025

சென்ற திங்கட்கிழமை என் மகளுக்குத் தஞ்சாவூரில் பெண் குழந்தை பிறந்தது. முப்பத்திரண்டு வாரம் நிறையவில்லை. எடை 1,420 கிராம். மகளுக்கு இரத்த அழுத்தம் ஏறி, கால்கள் வீங்கி, கண் மங்குகிறது என்று அவள் சொன்ன ஓரிரு நாளிலேயே அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அன்றிரவு பச்சிளங்குழந்தைப் பிரிவின் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "இவளைப் பிழைக்க வை தாயே, நான் உன் சன்னிதிக்கு வரும் நாளில் இவள் என்ன எடை இருக்கிறாளோ அந்த எடைக்கு எடை வெல்லம் கொண்டுவருகிறேன்" என்று வைத்தீஸ்வரன் கோயில் தையல்நாயகியிடம் வேண்டிக்கொண்டேன். ஆகவே உங்கள் கேள்வி என்னை நேராகக் கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். நேரம் கிடைக்கும்போதெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

4 மார்ச் 2025

நான் திருவாரூர் மாவட்டத்தில் கிராமச் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கொரடாச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். புதன்கிழமைதோறும் தடுப்பூசி, மற்ற நாள்களில் கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு நடை என்று என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. எனவே இந்தக் குழந்தை பிழைத்தால் எதனால் பிழைக்கும் என்பதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு டெக்சாமெத்தசோன் ஊசி போட்டார்கள். முப்பத்து நான்கு வாரத்துக்கு முன் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு அது துணை செய்யும். வலிப்பு வராமல் இருக்க மகளுக்கு மெக்னீசியம் சல்பேட் கொடுத்தார்கள். குழந்தையை வெப்பம் குறையாத படுக்கையில் கிடத்தி, கறந்தெடுத்த தாய்ப்பாலைச் சொட்டுச் சொட்டாகக் குழாய் வழியே செலுத்துகிறார்கள். உள்ளே போகும் ஒவ்வொருவரும் முழங்கை வரை கை கழுவுகிறார்கள்.

பிறகு எதற்கு வேண்டுதல் என்று கேட்பீர்கள். வேலையில் இருந்த காலத்தில் எந்தப் பிரசவத்திலும் என் கைகளுக்கு ஒரு வேலை இருந்தது. நாடி பார்ப்பேன், வண்டிக்குச் சொல்லி அனுப்புவேன், கூடவே ஏறிக்கொண்டு போவேன். இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் வேலை செய்பவர்கள் வேறு ஆட்கள். நான் வெளியே நிற்கும் அம்மாச்சி. செய்ய வேண்டியவை எல்லாம் செய்யப்பட்டுவிட்டன என்று தெரிந்த பிறகும் அச்சம் குறையவில்லை. அந்த அச்சத்தோடு ஓரிடத்தில் போய் நிற்க வேண்டியிருந்தது. என் தாயார் நின்ற இடம் தையல்நாயகியின் சன்னிதி. வைத்தீஸ்வரன் கோயிலின் பழைய பெயர் புள்ளிருக்குவேளூர்; அங்கே செலுத்த உப்பும் மிளகும் எடுத்துக்கொண்டு போகாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைத்தால் உடம்பில் உள்ள கட்டி கரையும் என்பது அங்கே வரும் பெண்களின் நம்பிக்கை. எனக்கு நினைவுக்கு வந்தது அந்த வெல்லம்தான்.

இவ்வளவு எழுதிய பிறகும் உங்கள் கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை என்று எனக்கே தெரிகிறது. அச்சத்தில் செய்தேன் என்பது ஒரு காரணம். அதனாலேயே அது பேரம் இல்லை என்று ஆகிவிடாது.

6 மார்ச் 2025

மகன் சிங்கப்பூரில் இருப்பதால் அவன் பிள்ளை என்னோடு இருந்து படிக்கிறான். பிளஸ் டூ தேர்வு மூன்றாம் தேதி தொடங்கிவிட்டது. நான் காலை இரயிலில் தஞ்சாவூருக்குப் போய்விடுவதால் அவனுக்குச் சோறு போடுவது என்னோடு வேலை பார்த்த தோழி ஒருவர்தான். அவர் நோன்பு வைத்திருக்கிறார். நோன்புக் கஞ்சியை ஒரு தூக்கில் ஊற்றி எனக்கும் எடுத்து வைத்துவிட்டு, இரவுத் தொழுகையில் துஆ செய்வதற்குக் குழந்தையின் பெயரைக் கேட்டார். இன்னும் பெயர் வைக்கவில்லை என்றேன். தாயின் பெயரைச் சொல்லி இன்னாருடைய மகள் என்று கேட்டுக்கொள்கிறேன் என்றார். அவர் பதிலுக்கு எதையும் தருவதாகச் சொல்லவில்லை. உங்கள் கேள்வி அன்றிரவு முழுவதும் என் மனத்தில் இருந்தது.

12 மார்ச் 2025

இன்று மாசி மகம். ஊரில் பாதிப் பேர் கும்பகோணத்துக்கும் கடற்கரைக்கும் போயிருக்கிறார்கள். எனக்கு நல்ல சேதி வேறு இடத்திலிருந்து வந்தது. குழந்தை பிறந்த எடையை மீண்டும் எட்டி, அதற்கு மேலும் பத்து கிராம் ஏறியிருக்கிறாள். பிறந்தவுடன் எடை குறைவது இயல்பு. குறைமாதக் குழந்தைக்கு அது திரும்பி வர இரண்டு வாரம்கூட ஆகும். இதை எத்தனையோ தாய்மார்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் எடைக் கருவியின் எண்ணை என் வீட்டுக் குழந்தைக்காகப் பார்ப்பது வேறு அனுபவம்.

மகளுக்கு இன்னும் இரத்த அழுத்தம் முழுவதும் இறங்காததால், பகலில் சில மணி நேரம் குழந்தையை மார்போடு அணைத்து வைத்திருக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கங்காரு முறை என்று சொல்வார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனை ஒன்றில் தொடங்கியது. இன்று உலக சுகாதார நிறுவனமே இதைப் பரிந்துரைக்கிறது. தாய்க்கு முடியாதபோது வீட்டில் உள்ள வேறு ஒருவர் செய்யலாம். குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் அரைத்துணியும் மட்டும் இருக்கும். என் தோலோடு அவள் தோல் படும்படி நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மேலே துணியைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். அவளுடைய காது மடல் இன்னும் உறுதிப்படவில்லை. என் மேல் சாய்ந்து மடங்கினால் மடங்கியபடியே நிற்கிறது, நான் விரல் நுனியால் மெல்ல நிமிர்த்திவிடுகிறேன். பாலாடைச் சங்கில் ஊற்றிக் கொடுக்கும் பாலை இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, களைத்துப்போய் நிறுத்திக்கொள்கிறாள். அப்போது நான் பதிகம் எதுவும் சொல்வதில்லை. மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து எடை ஏறிய சேதியைப் பேரனிடம் சொன்னேன். வெல்லக் கணக்கு அவனுக்கு முன்பே தெரியும். "அப்பாயி, போன வாரமே போயிருந்தா வெல்லம் குறைவா வாங்கியிருக்கலாம், இப்ப விலை ஏறிக்கிட்டே போகுது" என்று சொல்லிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அடுப்படியில் நின்றபோதுதான் அவன் சொன்னதில் இருந்த விஷயம் எனக்குப் புலப்பட்டது. சந்தையில் பேரம் பேசுகிறவர் விலை குறைய வேண்டும் என்றுதான் பேசுவார். நானோ என் பங்கு கூடிக்கொண்டே போக வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு கிலோ, மூன்று கிலோ, தூக்க முடியாத அளவு வெல்லம் வாங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இப்படி ஒரு பேரத்தை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

13 மார்ச் 2025

நேற்றைய குறிப்புக்கு ஒருவர், "இறைவனுக்கு எதை வேண்டத் தக்கது என்று தெரியும், நாம் கேட்கவே தேவையில்லை என்று மாணிக்கவாசகரே சொல்லியிருக்கிறார்" என்று எழுதியிருக்கிறார். "வேண்டத் தக்கது அறிவோய் நீ" என்று தொடங்கும் அந்தப் பாடலின் அடுத்த வரி "வேண்ட முழுதும் தருவோய் நீ" என்பது. அறிந்திருக்கிறாய் என்பதும், வேண்டினால் தருகிறாய் என்பதும் அங்கே ஒன்றை அடுத்து ஒன்றாகவே வருகின்றன. முடிவில், நான் வேண்டுவது என்று ஒன்று உண்டானால் அதுவும் உன் விருப்பமல்லவா என்று கேட்கிறார். கேட்காதே என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் ஆசையையும் அவனிடமே சேர்த்துவிடுகிறார். திருவாசகத்தின் குழைத்த பத்தில் இருக்கிறது. முழுப் பாடலையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

21 மார்ச் 2025

இன்று கண் பரிசோதனை. முப்பத்து நான்கு வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் வளர்ந்து முடிவதற்கு முன்பே குழந்தை பிறந்துவிடுவதால், அவை தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறித்துவிடக்கூடும். காலத்தில் கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம். இமையை விலக்கி வைத்துப் பார்க்கும்போது குழந்தை வீறிட்டு அழுதாள். என் மகள் வெளியே போய்விட்டாள். நான் கூடவே நின்றேன். இரத்தக் குழாய்கள் இன்னும் ஓரம் வரை வரவில்லை, இப்போதைக்குத் தொந்தரவு எதுவும் இல்லை, இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர்.

திரும்பும் இரயிலில் சுந்தரரைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். திருவொற்றியூரில் இரண்டு கண்ணும் போய், காஞ்சிபுரத்தில் ஒரு கண் வந்து, மற்றொரு கண்ணுக்காக எங்கள் திருவாரூருக்கு வந்து நின்றவர் அவர். வந்த இடத்தில் பணிந்து கெஞ்சினார் என்று நினைக்க வேண்டாம். உமக்கே ஆளான அடியார்கள் துன்பத்தைச் சொன்னால் பேசாமல் இருக்கிறீரே, நீரே வாழ்ந்துபோம் என்று கோபமாகப் பாடினார். அந்தப் பதிகத்தை நம் முன்னோர் தேவாரத்திலிருந்து எடுத்துவிடவில்லை, கோயிலிலேயே பாடிக்கொண்டிருக்கிறோம். பேரம் என்று நீங்கள் சொன்னதைவிடக் கடுமையான பேச்சு அது. உறவு இருக்கும் இடத்தில்தான் அப்படிப் பேச முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

23 மார்ச் 2025

கேள்வி கேட்ட வாசகர் திரும்பி வந்து, "எடை ஏறுகிறது, கண்ணும் தப்பியது, அதனால் நீங்கள் இப்படி எழுதுகிறீர்கள். வேண்டியது நடக்காமல் போயிருந்தால்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் என்னிடம் நெடுங்காலமாக இருக்கிறது. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் கணவருக்குக் கல்லீரலில் நோய் முற்றியபோது இதே தையல்நாயகிக்குத்தான் வேண்டிக்கொண்டேன். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி மாடத்தில் வைத்தேன். கூடவே உப்பும் மிளகும் வாங்கி இன்னொரு துணியில் கட்டி வைத்தேன். அவர் எழுந்து நடந்தால் இருவருமாகப் போய்ச் செலுத்துவது என்று எண்ணம். அந்தப் பங்குனியிலேயே அவர் போய்விட்டார்.

துக்கம் நடந்த வீட்டில் ஓராண்டு கோயிலுக்குப் போவதில்லை. அந்த ஓராண்டும் அந்த முடிச்சுகள் மாடத்திலேயே இருந்தன. மழைக்காலத்தில் உப்பு ஈரம் வாங்கிக் கசிந்தது. வெயில் வந்ததும் துணியோடு சேர்ந்து இறுகி, கல்லைப்போல் ஆகிவிட்டது. மிளகு அப்படியே இருந்தது. ஆண்டு முடிந்ததும் அவற்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். "யாருக்காகப் போறே, அவந்தான் இல்லையே" என்று மாமியார் கேட்டார். அவர் மகனை இழந்தவர். அந்தக் கேள்வியைக் கேட்க என்னைவிட அவருக்கு உரிமை அதிகம். நான் பதில் சொல்லாமல் போய், உப்பையும் மிளகையும் செலுத்திவிட்டு, காசை உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன்.

ஏன் போனேன் என்று அன்றைக்கு என்னால் சொல்லியிருக்க முடியாது. தெய்வக் குற்றம் வரும் என்ற பயம்தான் காரணம் என்று சில காலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவர் படுக்கையில் கிடந்த அந்த மாதங்களில் நான் தனியாக இல்லை. ஒவ்வொரு இரவும் பேசுவதற்கு ஒருவர் இருந்தார். கேட்டது கிடைக்கவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க ஓர் இடம் கிடைத்தது. அதற்காகப் போனேன். பேரமாக இருந்திருந்தால், சரக்கு வராத இடத்தில் நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

24 மார்ச் 2025

நேற்று விட்டுப்போன ஒன்று. வேலையில் இருந்த நாள்களில் என் பகுதியில் இறந்துபோன குழந்தைகளும் உண்டு. அவர்களுடைய தாய்மார்கள் ஒவ்வொருவரும் வேண்டிக்கொண்டவர்கள். மஞ்சள் துணியில் காசு முடிந்தவர்கள், நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொண்டவர்கள். "வேண்டுதல்தான் என் குழந்தையைக் காப்பாற்றியது" என்று நான் ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தால், அந்தத் தாய்மார்களிடம் "உன் வேண்டுதலில் குறை" என்று சொன்னதாக ஆகும். அந்தச் சொல்லை நான் என் வாயால் சொல்ல மாட்டேன். பேரப்பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுக்க நினைப்பதில் இதுதான் முதலாவது.

29 மார்ச் 2025

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். 1,830 கிராம்.

சம்பா அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது நிற்கிற பயிருக்குள்ளேயே விதைத்த உளுந்து இப்போது பறிப்புக்கு வந்திருக்கிறது. வெயில் ஏறினால் நெற்று வெடித்துச் சிதறும் என்பதால், பனி ஈரம் இருக்கும்போதே பெண்கள் வயலில் இறங்கிவிடுகிறார்கள். மேட்டூர் அணையை முன்பே மூடிவிட்டார்கள், ஆற்றில் மணல்தான். இந்தப் பயிர் வயலில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் விளைந்தது. கார் வந்து நின்றதைப் பார்த்துவிட்டுப் பறித்துக்கொண்டிருந்தவர்கள் வரப்பேறி வந்தார்கள். அவர்களில் மூத்தவர் வாசலிலேயே நின்று, "நான் கிட்ட வரலம்மா, கையெல்லாம் மண்ணு" என்று தானாகவே சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பிரசவம் பார்த்த நாளில், கை கழுவாமல் பிள்ளையைத் தொடாதீர்கள் என்று நான் சத்தம் போட்டது அவருக்கு நினைவிருக்கிறதாம். தூரத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வயலுக்குத் திரும்பினார்.

சம்பந்தியம்மாளுக்கு வேறொரு எண்ணம். குழந்தையைக் கோயிலில் சாமிக்குக் கொடுத்துவிட்டுத் தவிட்டைக் கொடுத்து மீண்டும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறார். தப்பிப் பிழைத்த பிள்ளைக்கு அப்படிச் செய்வது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். இனி இவள் உன் பிள்ளை, நாங்கள் வளர்க்கிறோம் என்று அதற்குப் பொருள். நான் மறுக்கவில்லை. இப்போது வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். கூட்டத்தில் ஒரு சளி தொற்றினால் இந்தக் குழந்தை தாங்காது. "சம்பந்தி, நர்சம்மா சொன்னா நான் கேக்காம இருப்பேனா" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

8 ஏப்ரல் 2025

நேற்று திருவாரூர்க் கோயிலின் ஆழித்தேர். தேர்வு முடிந்துவிட்டதால் பேரன் என்னோடு வந்தான். அலங்காரத்தோடு 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை. கீழ வீதியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது உச்சி கண்ணுக்கு எட்டவில்லை. பழைய தேர் 1920-களில் எரிந்துபோனது. புதிதாகச் செய்த தேரும் இடையில் நெடுங்காலம் ஓடாமல் நின்றுவிட்டது. 1970-இல் மீண்டும் ஓடியபோது நான் சிறுமி. நிலையில் நின்ற தேரையே ஆண்டுதோறும் கும்பிட்டுவிட்டு வந்த என் தாயார் அன்று அழுதது நினைவிருக்கிறது. ஓடாத தேரை ஏன் கும்பிட்டீர்கள் என்று நான் அவரிடம் கேட்கவே இல்லை.

"ஆரூரா, தியாகேசா" என்ற முழக்கத்தோடு வடம் அசைந்தது. பேரன் வடம் பிடித்துவிட்டுத் திரும்பி வந்து, சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு ஓடுகிறவர்களைக் காட்டினான். திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் பற்றி எங்கோ படித்திருக்கிறான். "எனக்குப் பெரிசா சாமி நம்பிக்கை இருக்கான்னு தெரியல அப்பாயி, ஆனா வடத்தைத் தொட்டப்ப விடத் தோணல" என்றான். நான் அதை விளக்கப் போகவில்லை. நம்பிக்கை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளவும் இல்லை. அவன் உண்மையைச் சொன்னான், அதைக் கேட்டுக்கொண்டேன்.

10 ஏப்ரல் 2025

ஆழித்தேர் குறிப்பைப் படித்த ஒருவர் களிமேட்டை நினைவூட்டியிருக்கிறார். 2022 ஏப்ரல் 27 விடியற்காலை, தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயர் மின்னழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அப்பரின் தேரை இழுத்தவர்களை இறைவன் ஏன் கைவிட்டான் என்று கேட்கிறார்.

இறைவனுக்காகப் பதில் சொல்ல என்னால் முடியாது, முயலவும் மாட்டேன். அப்பர் சூலை நோயால் துடித்துத் தமக்கை திலகவதியாரிடம் வந்து விழுந்தவர். கல்லில் கட்டிக் கடலில் போடப்பட்டவர். எங்கள் பக்கத்துத் திருப்புகலூரில் சித்திரைச் சதயத்தில் முத்தி அடைந்தவர். அவர் பெயரால் நடந்த விழாவில் அந்தச் சாவு நேர்ந்தது என்பது இன்றும் என் நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது. அது வினைப்பயன் என்றோ, புண்ணியச் சாவு என்றோ யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. கம்பியின் உயரத்தையும் தேரின் உயரத்தையும் அளந்து பார்ப்பதும், மின்சாரத்தை நிறுத்துவதும் மனிதர்கள் செய்ய வேண்டிய வேலை. என் மதிப்பில் வடம் பிடிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வழிபாடு அது.

நேற்று குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசி போட்டாயிற்று. குறைமாதக் குழந்தை என்பதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது; பிறந்த நாளிலிருந்துதான் கணக்கு. இரவு சிறிது காய்ச்சல் இருந்தது, காலையில் இறங்கிவிட்டது.

16 ஏப்ரல் 2025

நேற்று சித்திரை முதல் செவ்வாய். அடுத்த செவ்வாய்க்கு நகரத்தார் காரைக்குடிப் பக்கத்திலிருந்து நடந்தே வந்து சேர்வார்கள், கூட்டம் தாங்காது என்பதால் நேற்றே வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய்வந்தோம். குழந்தையை அழைத்துப் போகவில்லை. அவள் தாயோடு வீட்டில் இருந்தாள்; நானும் பேரனும் சம்பந்தியம்மாளும் மயிலாடுதுறையில் பேருந்து மாறிப் போனோம்.

சனிக்கிழமை எடை பார்த்தபோது 2,240 கிராம். இடையில் போன நாள்களின் வளர்ச்சியையும் சேர்த்து 2,350 என்று வைத்துக்கொண்டு மளிகைக் கடையில் உருண்டை வெல்லம் கேட்டேன். உருண்டைகள் அந்த எண்ணுக்குப் பொருந்தி வரவில்லை. கடைக்காரர் ஓர் உருண்டையை உடைத்துச் சரிசெய்யப் போனார். உடைக்க வேண்டாம், முழுதாகவே போடுங்கள் என்றேன். இரண்டரைக் கிலோவுக்கு மேல் போயிற்று. பையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்த பேரன், "பாப்பா இவ்வளவுதானா?" என்று கேட்டான். அவன் இன்னும் அவளைத் தூக்கியதில்லை. பையைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, வெகுநேரம் பேசாமல் வந்தான்.

சன்னிதியில் நான் எதுவும் புதிதாகக் கேட்கவில்லை. கணவருக்காக உப்பும் மிளகும் கொண்டு நின்ற அதே இடத்தில் வெல்லத்தோடு நின்றேன். இரண்டுக்கும் ஒரே நன்றியா என்று மனம் கேட்டது. ஒன்றில்லை. அன்று கண்ணீர் வந்தது, நேற்று வரவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் தையல்நாயகிக்கு நெருக்கமாக நின்றேன் என்று தோன்றுகிறது. இதை என்னால் இன்னும் சரியாக விளங்கிக்கொள்ள முடியவில்லை.

பேரனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று முதல் வாசகர் கேட்டிருந்தார். பேருந்தில் திரும்பும்போது அவனே கேட்டான், "யாரு காப்பாத்துனதுன்னு பாப்பா பெரியவளானதும் சொல்வீங்க?" என்று. ஊசி போட்ட மருத்துவரையும், பகலும் இரவும் விழித்திருந்த செவிலியர்களையும், பால் கறந்து கொடுத்த அவள் அம்மாவையும் முதலில் சொல்வேன். அதன் பிறகு, உனக்காக நான் எங்கெல்லாம் போய் நின்றேன் என்று வெல்லக் கதையையும் சொல்வேன் என்றேன். சம்பந்தியம்மாள் முன் இருக்கையிலிருந்து திரும்பி, "தவிட்டுக் கதையையும் சேத்துக்குங்க சம்பந்தி, அது பாக்கி இருக்கு" என்றார். மூவரும் சிரித்தோம். ஐப்பசிக்கு மேல் அவர் விருப்பப்படியே செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

19 ஏப்ரல் 2025

குறைமாதத்தில் பேரப்பிள்ளை பிறந்திருக்கும் இருவர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள், பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டுதல் இருந்தால் பெரியவர்கள் போய்ச் செலுத்திவிட்டு வாருங்கள். குழந்தையை முதல் சில மாதங்கள் திருவிழாக் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். தெய்வம் அதற்காகக் கோபித்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லி மறுத்துவிடுங்கள். முப்பது நாளுக்குள் செய்ய வேண்டிய கண் பரிசோதனையைப் பற்றிச் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். ஒருமுறை பார்த்ததோடு நிறுத்திவிடாமல், இனி வர வேண்டியதில்லை என்று கண் மருத்துவர் சொல்லும் வரை போய்வாருங்கள். எங்கள் குழந்தைக்கு இந்த மாதத் தொடக்கத்தில் இரண்டாம் முறை பார்த்தார்கள். நேற்று மூன்றாம் முறை. இரத்தக் குழாய்கள் ஓரம் வரை வந்துவிட்டன, இனி ஓராண்டு கழித்துப் பார்த்தால் போதும் என்றார்கள். துஆ செய்த தோழிக்கு முதலில் தொலைபேசியில் சொன்னேன். அவர் இப்போதாவது பெயரைச் சொல்லுங்கள் என்கிறார். அது இன்னும் வீட்டில் முடிவாகவில்லை.